சீனிக் கரண்டியும் படலை வரை நடையும்

(நூற்றாண்டு ஒன்றுகூடலின் இரண்டாம் நாள் காலை அமர்வில், 1983ஆம் ஆண்டு உயர்தர வகுப்பு மாணவிகள் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



இந்த உரையை வாசிப்பவள் ஒருத்தி. எழுதியவர்கள் பதினொரு பேர். ஐவர் ஊரில் இருக்கிறோம், ஒருத்தி கொழும்பில், மூவர் கனடாவில், இருவர் லண்டனில். எங்களில் வைத்தியர் எவரும் இல்லை. ஓய்வு பெற்ற தாதி ஒருத்தி, வங்கியில் வேலை செய்தவள் ஒருத்தி, ஆசிரியைகள் நால்வர், மற்றவர்கள் வீட்டையும் பேரப்பிள்ளைகளையும் பார்ப்பவர்கள். ஆரோக்கிய வாழ்வு பற்றிப் பேச ஒரு டொக்டரைக் கூப்பிடலாமே என்று நாங்களும் கேட்டோம். “டொக்டர்மார் சொல்லுறதைக் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறம். செய்து பார்த்த ஆக்கள் வந்து சொல்லட்டும்” என்றார் செயலாளர். செய்தவர்கள் என்று சொல்வதற்கு முதல், பல வருடம் செய்யாமல் விட்டவர்கள் நாங்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் வகுப்பில் வலைப்பந்து அணிக்குக் கோல் போடுபவள் ஒருத்தி இருந்தாள். இல்ல விளையாட்டுப் போட்டியில் அவள் ஓடினால் மற்ற மூன்று இல்லங்களும் இரண்டாம் இடத்துக்குத்தான் போட்டி போடும். ஐம்பது வயதளவில் அவளுக்கு நீரிழிவு என்று கண்டார்கள். குளிசை கொடுத்தார்கள். தலைச்சுற்று வந்த நாளில் குளிசை போட்டாள், வராத நாளில் விட்டாள். சுகமாக இருக்கும்போது மருந்து எதற்கு என்பது அவளுடைய நியாயம். எங்களில் பாதிப் பேருக்கும் அன்று அதே நியாயந்தான்.

2018ஆம் ஆண்டு, தேர்த் திருவிழாவன்று பகல் பதினொரு மணிக்கு வெறுங்காலுடன் வீதி சுற்றினாள். மணல் கொதித்தது. பக்கத்தில் வந்தவர்கள் துள்ளித் துள்ளி நிழலுக்கு ஓடினார்கள். அவளுக்குச் சுடவில்லை. “முருகன் அருள், எனக்கு ஒண்டும் தெரியேல்லை” என்று பெருமையாகச் சொன்னாள். உள்ளங்காலில் நரம்பு உணர்விழந்துவிட்டது என்பது அவளுக்கும் தெரியாது, கூட நடந்த எங்களுக்கும் தெரியாது. அன்றிரவு காலில் நீர்க்கொப்புளம். மஞ்சள் பூசினாள். கிளினிக் திகதி அடுத்த மாதந்தானே என்று இருந்துவிட்டாள். மூன்று கிழமையில் காய்ச்சல் வந்தது. முதலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள், பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

அவள் இப்போது இரண்டாம் வரிசையில் இருக்கிறாள். இந்தப் பகுதியை எழுதியவளே அவள்தான். நாங்கள் எழுத்துப்பிழை மட்டும் திருத்தினோம்.

அந்தச் செய்தி வந்தபோது நாங்கள் எல்லோரும் பயந்தோம். பயந்தவர்கள் செய்வதையே செய்தோம், பெரிதாகத் தொடங்கினோம். ஸ்காபரோவில் இருப்பவள் ஓடும் இயந்திரம் ஒன்று வாங்கி நிலக்கீழ் அறையில் வைத்தாள். அது இன்றும் அங்கேதான் இருக்கிறது, பனிக்காலத்தில் உடுப்புக் காயப்போட நல்ல வசதி. லண்டனில் ஒருத்தி சோற்றையே விட்டாள், பத்தொன்பது நாள். இருபதாம் நாள் யாரோ வீட்டுப் பிறந்தநாளில் கொத்துரொட்டியைக் கண்டவுடன் எல்லாம் முடிந்தது. ஊரில் இருவர் காலை நாலரை மணிக்கு எழும்பி ஐந்து கிலோமீற்றர் நடப்பதென்று சபதம் எடுத்தார்கள். ஒருத்தியை ஒழுங்கை நாய் துரத்தியது, மற்றவள் மழையைச் சாட்டினாள். தைப்பொங்கலோடு எல்லா விரதமும் முறிந்தது. அதன்பின் வட்ஸ்அப் குழுவில் ஒருவரும் இதைப் பற்றிக் கதைக்கவில்லை, வெட்கம்.

எங்கள் தாதித் தோழிதான் மறுபடி தொடங்கினாள். “ஆளுக்கு ஒண்டு மட்டும் சொல்லுங்கோடி. வெளியில சொன்னா ஆக்கள் சிரிக்கிற அளவுக்குச் சின்னதா இருக்கவேணும்” என்றாள். அப்படித்தான் சீனிக் கரண்டியில் வந்து நின்றோம்.

முதலில் கணக்குப் பார்த்தோம். எங்கள் வீட்டுத் தேத்தண்ணிக்கு மூன்று தேக்கரண்டி சீனி, மட்டமாக அள்ளினாலும் ஒரு கரண்டி நான்கு கிராம். காலை எழும்பினவுடன் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, பின்னேரம் ஒன்று, யாராவது வந்தால் அவர்களோடு ஒன்று, இரவு ஒன்று. ஐந்து தரம். பதினைந்து கரண்டி, 60 கிராம். வளர்ந்த ஒருவர் ஒரு நாளில் உணவிலும் பானத்திலும் சேர்த்துக்கொள்ளும் சீனி ஏறக்குறைய 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பிஸ்கற்றையும் கேக்கையும் சேர்க்காமல், தேத்தண்ணியிலேயே நாங்கள் வரம்பைத் தாண்டியிருந்தோம். வங்கிக்காரி இந்தக் கணக்கை இரண்டு தரம் சரிபார்த்தாள்.

ஒரேயடியாக விடவில்லை. இரண்டு கிழமைக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்தோம். மூன்றிலிருந்து இரண்டரை, பிறகு இரண்டு. இப்படியே இறங்கினால் மூன்று மாதத்தில் வெறும் தேத்தண்ணி. நாக்கு முதல் நாலைந்து நாள் சண்டை பிடிக்கும், பிறகு அடங்கும். ஆறேழு மாதம் கழித்துப் பழைய அளவில் ஒருதரம் குடித்துப் பார்த்தோம், பாணி குடித்தது போல் இருந்தது. பதினொரு பேரில் ஏழு பேர் சீனியே இல்லாத நிலைக்கு வந்தோம். மூவர் அரைக் கரண்டியில் நிற்கிறார்கள், அவர்களை நாங்கள் நெருக்குவதில்லை. ஒருத்தி இன்னும் இரண்டு போடுகிறாள். யார் என்று சொல்லமாட்டோம், இதை வாசிப்பவளாகவும் இருக்கலாம்.

வீட்டில் குறைப்பது சுலபம். ஊரில் நான்கு வீட்டுக்குப் போனால்தான் சோதனை. எங்கள் பக்கத்தில் “சீனி எவ்வளவு?” என்று கேட்கும் வழக்கம் குறைவு, கலந்துதான் வரும். குடிக்காமல் எழும்பினால் கோபம். செத்த வீட்டிலும் தேத்தண்ணி, சம்பந்தம் பேசப் போனாலும் தேத்தண்ணி. நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்தோம். படலையைத் திறக்கும்போதே, செருப்பைக் கழற்றுவதற்கு முதல், “தேத்தண்ணி போடுறதெண்டால் எனக்குச் சீனி போடாமல் தாங்கோ” என்று நாங்களே கேட்டுவிடுவது. கேட்டு வாங்கிக் குடிப்பதை யாரும் அவமதிப்பாக எடுப்பதில்லை. சில வீடுகளில் “பனங்கட்டி கடிச்சுக் குடியுங்கோவன், அது ஒண்டும் செய்யாது” என்பார்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் சீனி இல்லாமல் பனங்கட்டித் துண்டு கடித்துத்தான் நாங்களும் குடித்தோம். அதில் பாசம் உண்டு. ஆனால் பனங்கட்டியும் இனிப்புத்தான். நீரிழிவுக்காரருக்கு அது மருந்தல்ல. துண்டு சின்னதாக இருப்பதால்தான் கொஞ்சம் தப்புகிறோம்.

தடைக்காலத்தைச் சொன்னதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லை, பெற்றோல் இல்லை. பள்ளிக்கூடம், சந்தை, கோயில், ஆசுப்பத்திரி எல்லாம் சைக்கிளில் அல்லது நடையில். “அப்ப என்ன சுகமா இருந்தம்!” என்று சிலர் இப்போது சொல்கிறார்கள். நாங்கள் அப்படிச் சொல்லமாட்டோம். மருந்தில்லாமல் போனவர்களை எங்களுக்குத் தெரியும். அந்தக் காலம் திரும்ப வேண்டாம், அந்தச் சைக்கிள் மட்டும் திரும்பினால் போதும். இன்று சந்திக் கடைக்குப் பாண் வாங்க மோட்டார் சைக்கிள் எடுக்கிறோம், கடை நூறு யார் தூரம்.

உடம்பை அசைப்பதன் பலனை முதலில் தெளிவாகக் காட்டியவர்களில் லண்டன் பஸ் ஊழியர்களும் அடக்கம். ஜெரி மொறிஸ் என்ற வைத்தியர் 1953இல் வெளியிட்ட ஆய்வு அது. இரட்டைத் தட்டு பஸ்களில் நாள் முழுக்க இருந்து ஓட்டும் சாரதிகளைவிட, படியேறி இறங்கி ரிக்கற் கொடுக்கும் நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. அவர்கள் எவரும் உடற்பயிற்சிக்கென்று போனவர்கள் அல்லர், வேலையிலேயே நடை இருந்தது. எங்கள் லண்டன் தோழி இதைக் குழுவில் போட்டுவிட்டு, அன்றிலிருந்து ஒரு தரிப்பு முன்னதாகவே இறங்கி வீட்டுக்கு நடக்கிறாள். ஸ்காபரோக்காரி பனிக்காலத்தில், கடைகள் திறப்பதற்கு முதல் பேரங்காடிக்குள் சுற்றி நடக்கிறாள். அந்த நேரத்தில் அங்கே முழுக்க எங்கள் வயதுக்காரர்தானாம், பாதிப் பேர் தமிழாம்.

ஊரில் இருக்கும் நாங்கள் விளக்கு வைத்தவுடன் நடக்கிறோம். முதல் கிழமை படலை வரை மட்டும். சிரிப்பாகத்தான் இருந்தது. அடுத்த கிழமை ஒழுங்கை முடிவு வரை. அதன்பிறகு வைரவர் கோயிலடி வரை போய்த் திரும்பினால் இருபத்தைந்து நிமிடம். கிழமைக்கு 150 நிமிட நடை போதும் என்கிறார்கள், நாளுக்கு இருபத்தைந்து வீதம் ஆறு நாளில் அது வந்துவிடுகிறது. ஏழாம் நாளை நாய்க்கு விட்டுக்கொடுத்தோம்.

விளக்கு வைத்தவுடன் என்று நேரம் வைத்ததில் காரணம் உண்டு. நாலரை மணிக்கு எழும்புவது புதுப் பழக்கம், அதன்மேல் நடையென்ற இன்னொரு புதுப் பழக்கம் நிற்காது. விளக்கு வைப்பதோ அம்மா காலத்திலிருந்து கைக்கு வந்தது. அதன் வாலில் நடையைக் கட்டிவிட்டோம். பல் தீட்டும்போது ஒற்றைக் காலில் நிற்பதும் அப்படித்தான் வந்தது. ஒரு கையால் தொட்டியைப் பிடித்துக்கொண்டு வலதுகாலில் கொஞ்சம், இடதுகாலில் கொஞ்சம். அறுபது கடந்த பெண்கள் குளியலறையில் விழுந்து இடுப்பு முறிவதை எல்லோரும் கண்டிருக்கிறோம். சமநிலைக்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்று சொல்வது அதற்காகத்தான். பிரஷர் குளிசையைப் பற்பசைக்குப் பக்கத்தில் வைத்தவள் இரண்டு வருடமாக ஒரு நாளும் மறக்கவில்லை.

பழக்கம் ஊற எவ்வளவு காலம் என்று லண்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்திருக்கிறார்கள், 2009இல் வெளிவந்தது. 96 பேர் ஆளுக்கொரு சின்னப் பழக்கத்தைத் தொடங்கினார்கள். யோசிக்காமல் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள். சிலருக்கு 18 நாளிலேயே, சிலருக்கு 254 நாள் வேண்டும் என்ற கணிப்பு. இருபத்தொரு நாள் என்று எங்கேயோ கேட்டு, இருபத்திரண்டாம் நாள் மனம் சோர்ந்தவர்கள் எங்களில் இருக்கிறார்கள். அந்த ஆய்வில் எங்களுக்கு அதிகம் ஆறுதல் தந்தது இன்னொரு விடயம்: ஒரு நாள் தவறினால் அதுவரை ஊறியது அழிந்துபோவதில்லை. தைப்பொங்கலோடு நாங்கள் விட்டது தவறின நாளால் அல்ல, “தவறிவிட்டதே, இனி என்ன” என்ற எண்ணத்தால்.

சோற்றுக்கு வருவோம். இங்கே நாங்கள் அதிகம் அடிபட்டோம். எங்கள் சமையலில் சோறுதான் மலை, மரக்கறி அதன் அடிவாரம். நடுச்சோற்றில் குழி செய்து குழம்பு விடுவோமே, அந்த மலை. சோற்றைக் குறை என்றால் கை கேட்காது. ஆகவே பரிமாறும் ஒழுங்கை மாற்றினோம். முதலில் கோப்பையின் பாதிக்குக் கீரை, வறை, மரக்கறிக் கறி. முருங்கையிலை வறையோ வல்லாரைச் சம்பலோ பொன்னாங்காணியோ, வளவில் எது நிற்கிறதோ அது. பிறகு கால் பங்குக்கு மீன், பருப்பு, முட்டை அல்லது கடலை. மிச்சம் இருக்கும் காலில் சோறு. பெரிய பூக்கோப்பைகளை விருந்தினருக்கென்று அலுமாரியில் ஏற்றிவிட்டுச் சின்னக் கோப்பையில் சாப்பிடுகிறோம். குத்தரிசிச் சோறு நல்லது, நாரும் சத்தும் கூட. ஆனால் “இது குத்தரிசிதானே” என்று இரண்டாம் தரம் போட்டால் கணக்கு பழையபடிதான். இடியப்பத்துக்கும் அதே கதை. பத்து இடியப்பமும் சொதியும் மெல்லிய சாப்பாடு என்று நாங்கள் வெகுகாலம் நம்பினோம்! இப்போது ஐந்து, கூட ஒரு முட்டையும் மரக்கறியும். பிட்டுக்குக் குரக்கன் மாவையோ ஒடியல் மாவையோ கலக்கிறோம். வீட்டு ஆண்கள் முதலில் முகம் சுளித்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். அவர்களுக்கென்று தனிச் சமையல் செய்யவில்லை, அதுதான் உண்மை.

உப்பைப் பற்றிச் சுருக்கமாக. ஒரு நாளுக்கு ஒரு மட்டத் தேக்கரண்டி, 5 கிராமுக்குள். எங்களுக்கு அது கருவாட்டிலும் ஊறுகாயிலும் மோர்மிளகாயிலும் மிக்சரிலுமே முடிந்துவிடும். உப்புப் போத்தலை மேசையிலிருந்து குசினிக்கு அனுப்பினோம், தேசிக்காயை மேசைக்குக் கொண்டுவந்தோம். அவ்வளவுதான்.

இவ்வளவு சின்னச் சின்ன வேலையால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. நீரிழிவு வரும் வாசலில் நிற்பவர்களை வைத்துத் தமிழ்நாட்டில், சென்னையில், டொக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் செய்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. எங்கள் சாப்பாட்டுக்குக் கிட்டிய சாப்பாடு சாப்பிடும் மனிதர்கள். வழக்கமான ஆலோசனையோடு விடப்பட்டவர்களில் மூன்று வருடத்துக்குள் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. நடையும் உணவு மாற்றமும் பழக்கப்பட்டவர்களில் 39 பேருக்கு. நூறு பேரில் பதினாறு பேர் தப்பினார்கள். எல்லோரும் தப்பவில்லை என்பதையும் கவனியுங்கள். எங்கள் பதினொரு பேரிலும் இருவருக்கு இந்தப் பழக்கங்களுக்குப் பிறகும் நீரிழிவு வந்தது. பரம்பரை, வயது எல்லாம் அதில் உண்டு. அவர்கள் குற்றவாளிகள் அல்லர். ஆனால் ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தார்கள், குளிசையை ஒழுங்காக எடுக்கிறார்கள், கால் இரண்டும் பத்திரம்.

கால் என்றதும் எங்கள் வலைப்பந்துக்காரி சொல்லச் சொன்ன சில விடயங்கள் இருக்கின்றன. நீரிழிவு உள்ளவர்கள் இரவு படுக்கமுதல் உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் முகம் பார்க்கும் கண்ணாடியை நிலத்தில் வையுங்கள், அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். விரலிடுக்கையும் துடைத்துப் பாருங்கள். கோயிலுக்கு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை, அவளே இன்றும் போகிறாள். காலைப் பூசைக்கோ மாலைப் பூசைக்கோ போங்கள், மணல் ஆறியிருக்கும். வீட்டுக்கு வந்து காலைக் கழுவும்போது ஒரு தரம் பாருங்கள். புண் கண்டால் மஞ்சளோடு காத்திருக்காமல், கிளினிக் திகதி வரும்வரை பார்க்காமல், அன்றே காட்டுங்கள். அவளுக்கு வீணான மூன்று கிழமையைத்தான் அவள் இன்றும் எண்ணுகிறாள்.

இன்னொரு எச்சரிக்கை எங்கள் சொந்த முட்டாள்தனத்திலிருந்து. நீரிழிவுக் குளிசையோ இன்சுலினோ எடுப்பவர்கள் தாங்களாகச் சாப்பாட்டைக் குறைத்து நடையைக் கூட்டக் கூடாது. எங்களில் ஒருத்தி அப்படிச் செய்து, வைரவர் கோயிலடியில் வியர்த்து விறுவிறுத்துக் கைநடுங்கி இருந்துவிட்டாள். சீனி இறங்கிவிட்டது. நல்லவேளை பக்கத்தில் கடை இருந்தது. மருந்தின் அளவை டொக்டரிடம் சொல்லி மாற்றிய பின்தான் தொடர்ந்தாள். அன்றிலிருந்து நடைக்குப் போகும்போது எங்கள் எல்லோர் கைப்பையிலும் இரண்டு ரொபி இருக்கும். சீனிக்கு எதிராகப் பேச வந்தவர்கள் ரொபியோடு திரிகிறோம்.

இளைய தங்கச்சிமாருக்கு: முப்பத்தைந்து தாண்டியவர்கள் வருத்தம் இல்லாதபோதே ஒருதரம் இரத்தத்தில் சீனியும் பிரஷரும் பாருங்கள். அரச வைத்தியசாலைகளில் இதற்குப் பணம் இல்லை. வெறும் வயிற்றில் 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் நீரிழிவாக இருக்கலாம், இன்னொரு பரிசோதனையில் உறுதிப்படுத்துவார்கள். இடுப்பின் சுற்றளவும் ஒரு கணக்கு. எங்கள் ஆசியப் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்குள் இருப்பது நல்லது என்கிறார்கள். அளவுநாடா இல்லாதவர்களுக்குப் பாவாடை நாடா இருக்கிறது. போன வருடம் முடிச்சுப் போட்ட இடத்தில் ஒரு தையல் போட்டு வையுங்கள், அது பொய் சொல்லாது.

கடைசியாகச் சங்கத்திடம் ஒரு கோரிக்கை. எங்கள் கூட்டங்களுக்குப் பற்றீசும் ரோல்சும் சோடாவும்தான் வழக்கமாகிவிட்டது. இலங்கையில் 2016 முதல் குளிர்பானப் போத்தல்களில் சீனியின் அளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளத்தால் காட்ட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. சிவப்பு அடையாளம் போட்ட போத்தலை மாணவிகளுக்குப் பரிசளிப்பு விழாவில் நாங்களே கொடுப்பது நன்றாக இல்லை. தேசிக்காய்த் தண்ணீர், இளநீர், மோர் கொடுக்கலாம். கடலை அவித்துக் கொடுக்கலாம். செலவும் குறையும் என்று வங்கிக்காரி கணக்குப் போட்டுத் தந்திருக்கிறாள், பொருளாளரிடம் கொடுத்திருக்கிறோம். பற்றீசை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அடுத்த ஒன்றுகூடலுக்கு எங்கள் வகுப்பிலேயே பாதிப் பேர் வரமாட்டார்கள்.

மணி பத்தரை ஆகிறது. தேத்தண்ணி மாமரத்தடியில் வைத்திருக்கிறார்கள். நேற்றைப் போல் கலந்து வைக்கவில்லை, சீனி தனிக் கிண்ணத்தில் இருக்கிறது. கிண்ணத்துக்குப் பக்கத்தில் எங்கள் வலைப்பந்துக்காரிதான் கதிரை போட்டு இருக்கப்போகிறாளாம். அவளைத் தாண்டி எடுக்கக்கூடியவர்கள் எடுக்கலாம்.